நூற்று நாற்பதுக்குக் கீழே

“எப்பத்தான் கேப்ப?”

“நூத்தி நாப்பதுக்குக் கீழ வரட்டும். அன்னைக்கே கேட்டுர்றேன்.”

“என்னது கீழ வரணும்?”

“அப்பாவோட பிரஷர்.”

நிரஞ்சன் சிரித்துவிட்டான். “எல்லாப் பொண்ணுங்களும் நல்ல நாள் பாத்து அப்பாகிட்டப் பேசுவாங்க. நீ மட்டுந்தான் மெஷின் பாத்துப் பேசப் போற.”

“சிரிக்காதீங்க. இப்ப நூத்தி அம்பத்திரண்டுல இருக்கு. பன்னெண்டு கொறஞ்சாப் போதும்.”

“கொறையலன்னா?”

“கொறையும். நான் கொறைப்பேன்.”

இந்தப் பேச்சு நடந்து மூன்று மாதம் ஆகிறது. மலையகத்தின் கொட்டகலை ஸ்டேஷனில், அவளுடைய பல்கலைக்கழகம் இருக்கிற பேராதனைக்குப் போகிற ரயில் தாமதமாகிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரயில் வந்ததும் அவளுடைய பையை ஏற்றிக் கொடுத்துவிட்டு, “பன்னெண்டுதானே, பாப்போம்” என்று கையசைத்தான் நிரஞ்சன். அந்தப் பன்னிரண்டை நம்பி நிலக்ஷி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தூக்கம்கூடப் போட்டாள்.

இந்தச் சனிக்கிழமை காலை அவளுக்குத் தூக்கம் ஐந்து மணிக்கே கலைந்துவிட்டது. அப்பா அழகன் பால் விடாத பிளேன்டீயைக் குடித்து முடித்து அரை மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருந்து, கையில் பட்டையைச் சுற்றி, பித்தானை அழுத்தினாள். மெஷின் உறுமிக் காற்றை ஏற்றி, மெதுமெதுவாக இறக்கியது. திரையில் ஓடிக்கொண்டிருந்த எண் ஓரிடத்தில் நின்றது.

நூற்று எழுபத்து நான்கு.

“எவ்வளவும்மா?”

“கொஞ்சம் கூடத்தான் இருக்குப்பா.”

“கொஞ்சம்னா?”

அவள் சொன்னாள். அழகன் பரீட்சையில் பெயிலான பிள்ளையைப்போலத் தலையைக் குனிந்துகொண்டார். “அடுத்த கெழம கொறஞ்சிரும். இன்னும் ஒரு கிண்ணம் தயிர் கூடச் சாப்புடுறேன். நீ ஒண்ணும் யோசிக்காத” என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போனார்.

எண்ணை நிலக்ஷி தன் நீலக் கொப்பியில் எழுதினாள். நூற்று ஐம்பத்திரண்டில் தொடங்கி, நூற்று ஐம்பத்தொன்பது, நூற்று அறுபத்து நான்கு என்று ஒவ்வொரு வாரமும் ஏறிக்கொண்டே வந்திருந்தது அந்தப் பக்கம். குறைக்க வேண்டும் என்று அவள் எடுத்த ஒவ்வொரு முயற்சிக்கும் அது இன்னும் ஒரு படி ஏறியது.

அந்த வீட்டில் பிரஷர் என்பது அப்பாவுக்கு வந்த வியாதி மட்டும் கிடையாது. ஐந்து வருடமாக அதுதான் வீட்டுச் சட்டம். அம்மா நாகலெட்சுமி போட்ட சட்டம். கூரைத் தகரம் காற்றில் பறந்து கீழ் மலையில் விழுந்தபோது, “அப்பாகிட்டச் சொல்லாத, பிரஷர் ஏறும்” என்று, மழை ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்து, அவருடைய கட்டிலை மட்டும் நகர்த்திப் போட்டாள். “எதுக்குக் கட்டில நகட்டுன?” என்று அவர் கேட்டதற்கு, “வாஸ்து” என்றாள். நிரஞ்சன் விஷயம் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்த அன்றே மகளின் வாயைப் பொத்தினாள். “யாரு, அந்தப் பால்காரப் பையனா? ஆத்தாடி! ஒங்கப்பா இருக்கையில அந்தப் பேர எடுக்காத.”

காரணம் இருந்தது. நிரஞ்சன் கொட்டகலையில் பால் சேகரிக்கும் நிலையத்தின் பொறுப்பாளன். இரண்டு வருடத்துக்கு முன், தன் ஆய்வுக்குப் பால் மாதிரி கேட்டு நிலக்ஷி அங்கே போகப்போய்த்தான் இருவருக்கும் பழக்கம். அதன்பிறகு ஒரு மழைக்காலக் காலையில், அழகன் கொண்டுபோன பால் கேனில் நிரஞ்சன் பால்மானியை விட்டுப் பார்த்தான். பார்த்தவன் இன்னொருமுறையும் விட்டுப் பார்த்தான். “ஐயா, தண்ணி இருக்குங்க. எடுக்க முடியாதுங்க” என்று கேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அதுகூடப் பரவாயில்லை. அழகன் முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். மழை நாளில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நின்று, ஈரக் கொழுந்துக்கு இவ்வளவு கிலோ கழிவு என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பெண்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர். பால் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவள் வேலாயி. விடுவாளா?

“என்னாங்க கங்காணியாரே! அன்னைக்கு எங்க ஈரக் கொழுந்துக்குக் கழிச்சீங்க, இன்னைக்கு ஒங்க ஈரப் பாலுக்குக் கழிக்கிறாங்க. மேல இருக்கவன் நிறுவை சரியாத்தான் இருக்கு போங்க!”

வரிசை முழுக்கச் சிரித்தது. முந்தின இரவு கேனைக் கவிழ்த்து வைக்காமல் விட்டதில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்து என்ன? அன்று மாலை அவருக்கு நூற்றுத் தொண்ணூறு. “அந்தப் பயலோட மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்றவர், இன்றுவரை பாலை அம்மாவிடம்தான் கொடுத்தனுப்புகிறார்.

“எங்கப்பான்னு தெரிஞ்சுந்தானே திருப்பி அனுப்புனீங்க?” என்று நிலக்ஷி சண்டை போட்டாள்.

“தெரிஞ்சதாலதான் ரெண்டு தடவ பாத்தேன்” என்றான் நிரஞ்சன். “அவரு பால எடுத்திருந்தா, அடுத்து நின்ன வேலாயி அக்கா பால்ல தண்ணி இருந்தா என்னன்னு சொல்லித் திருப்ப?”

அந்தப் பதிலுக்காக ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அந்தப் பதிலுக்காகத்தான் அவனை விட முடியாது என்பதும் அந்த வாரத்தில்தான் அவளுக்கு விளங்கியது.

இனி தயிர்க் கதை. நிலக்ஷியின் ஆய்வே தயிரைப் பற்றியதுதான். அந்தத் தயிரைக் கொடுத்தே அப்பாவின் பிரஷரைக் குறைத்துவிடலாம் என்று நினைத்தாள். முதல்நாள் அப்பாவுக்கு அதை விளக்கியபோது, அவருக்குத் தெரிந்த மொழியில்தான் சொன்னாள்.

“பால்ல புரதம் இருக்குல்லப்பா, அது நீளமா இருக்கும், கவ்வாத்து வெட்டாத தேயிலைச் செடி மாதிரி. தயிராகுறப்ப அதுல இருக்கிற கிருமிங்க அதக் குட்டி குட்டித் துண்டா வெட்டிப் போடும். அந்தத் துண்டுக்குத்தான் பெப்டைட்னு பேரு.”

“சரி.”

“நம்ம ஒடம்புக்குள்ளயும் ஒரு கத்தி இருக்கு. அது ஒரு சாமானத்த வெட்டி விடும். வெட்டுனதும் ரத்தக்குழாய் இறுகும், பிரஷர் ஏறும். இந்தத் துண்டுல சிலது போய் அந்தக் கத்தி வாயில சிக்கிக்கும். கத்தி வெட்டாது. குழாய் இறுகாது.”

அழகன் ஆர்வமாக நிமிர்ந்தார். “அப்ப நான் போடுற மாத்திர?”

“அதுவும் அதே கத்தியத்தான் புடிக்குதுப்பா.”

“ஓகோ” என்றார் அழகன். நெடுநேரம் யோசனையாகவே இருந்தார்.

பாலை வீட்டுக்கு வைத்துக்கொள்வதே அந்த லயத்து வரிசை வீடுகளில் புதுமை. கறந்த பால் கேனுக்கு, வீட்டுக்குப் பிளேன்டீ, அதுதான் வழக்கம். “கேன் பால எடுத்து ஒறைக்கு ஊத்துறதா?” என்று நாகலெட்சுமி முனகினாள். “புள்ள படிப்புக்குக் கேக்குது, குடு” என்று முடித்துவிட்டார் அழகன். வாரநாட்களில் அம்மா உறை ஊற்றினாள். வார இறுதியில் நிலக்ஷி ரயிலேறி வந்து அளந்தாள். எண் ஏற ஏற, தயிரை இன்னும் ஒரு நாள் கூடுதலாகப் புளிக்க வைத்தாள். அதில் உப்பே போடக் கூடாது என்றாள். அழகன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தப் புளிப்பைத் தினமும் மூன்று வேளை விழுங்கினார்.

நூற்று எழுபத்து நான்கு. நிலக்ஷியால் ஓரிடத்தில் இருக்கமுடியவில்லை. கழுவிய கிண்ணத்தையே மறுபடி கழுவினாள். வாசலுக்குப் போய், பனி விலகாத மலையைப் பார்த்து, எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினாள். பத்து மணிக்குப் போன் அடித்தது. வீட்டுக்குப் பின்னால், முட்டைக்கோசுப் பாத்திக்கு அப்பால் போய் நின்று எடுத்தாள்.

“எங்கம்மா நாளைக்குக் கினிகத்தேனைக்குப் போறாங்க” என்றான் நிரஞ்சன், எடுத்த எடுப்பில். “பொண்ணு பாக்க.”

“நீங்க?”

“நான் வரலன்னுட்டேன். ‘வேற யாராவது இருந்தா வாயத் தொறந்து சொல்லு’ன்னாங்க. இருக்குன்னு சொன்னா, ‘அவங்க வீட்டுல என்ன சொல்றாங்க’ன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்? நூத்தி எழுபதுன்னா?”

“எழுபத்தி நாலு.”

“நான் வந்து கேக்குறேன், நிலக்ஷி. இப்பவே வாறேன்.”

“வந்துராதீங்க! ஒங்க மூஞ்சியப் பாத்தா எரநூறு தாண்டும்.”

“எனக்கு இது சிரிப்பா இல்ல.”

“எனக்கு மட்டும் சிரிப்பாவா இருக்கு?”

“மூணு மாசமா நானும் தயிரத்தான் நம்பிக்கிட்டு இருக்கேன்” என்றான் அவன், குரல் இறங்கி. “நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு அம்மா பஸ் ஏறிருவாங்க. அதுக்கு முன்னால எனக்கு ஒரு வார்த்த வேணும். எந்த வார்த்தையா இருந்தாலும் சரி.”

உள்ளே வந்தவள், அப்பாவின் கிளினிக் கொப்பியை எடுக்கத்தான் அந்தப் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தாள். மாத்திரையின் அளவைப் பார்த்து, டொக்டரிடம் கூட்டித் தரச் சொல்லலாம் என்பது அவள் எண்ணம். கொப்பி மேலேயே இருந்தது. அதற்கு அடியில் மூன்று காகித உறைகள். மூன்றிலும் அந்தந்த மாதத் தேதி. மூன்றும் கொழுத்து உப்பியிருந்தன. முதலாவதைக் கவிழ்த்தாள். ஒரு மாத மாத்திரை, ஒன்று குறையாமல், உள்ளங்கையில் விழுந்தது.

நிலக்ஷி உறைகளோடு கொட்டிலுக்கு ஓடினாள். அழகன் பசுவுக்குப் புல்லை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னாப்பா இது?”

அவர் திரும்பிப் பார்த்தார். மறைக்க முயலவில்லை. “கண்டுபுடிச்சிட்டியா? படிப்பு முடியட்டும், சொல்லுவோம்னு இருந்தேன்.”

“எப்பருந்து போடல?”

“நீ மொதக் கிண்ணம் கொடுத்த அன்னையிலருந்து.”

“ஏம்ப்பா?” என்று கத்தியேவிட்டாள். சத்தம் கேட்டு நாகலெட்சுமி விளக்குமாற்றோடு ஓடிவந்தாள்.

அழகன் புல் ஒட்டிய கைகளைத் தட்டிவிட்டு, மடுவத்தில் நின்று பேசுகிற தோரணையில் நிதானமாகச் சொன்னார். “ரெண்டு பொம்பளைங்க கொழுந்த ஒரே சாக்குல கொட்டிக் கொண்டாந்தா நான் நிறுப்பேனா? மாட்டேன். யாரு எத்தன கிலோ எடுத்தான்னு எப்புடி எழுதுறது? தனித்தனியாக் கொண்டான்னு திருப்பிருவேன். இதுவும் அப்புடித்தானே? நீயே சொன்ன, மாத்திரையும் தயிரும் ஒரே கத்தியத்தான் புடிக்குதுன்னு. ரெண்டையும் சேத்து உள்ள போட்டா, கொறஞ்சது எதால? ஒன் கேம்பஸ்ல பெரிய சேர் கேக்க மாட்டாரா? தயிர மட்டும் நிறுப்போம்னு மாத்திரைய நிப்பாட்டிட்டேன்.”

“அடப் பாவி மனுசா!” என்றாள் நாகலெட்சுமி. “தெனம் ராவுக்கு மாத்திரைக்குன்னு சுடுதண்ணி வச்சுக் கொடுத்தேனே!”

“தண்ணியக் குடிச்சேன்ல.”

நிலக்ஷிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆய்வுமுறையாக மட்டும் பார்த்தால் அப்பா சொன்னதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. பெரிய பெரிய ஆய்வுகளிலும் ஒன்றோடொன்று கலக்காமல்தான் பார்ப்பார்கள். ஆனால் அங்கே டொக்டர்மார் சுற்றி நிற்பார்கள், மகளுக்காக இரகசியமாக உயிரைப் பணயம் வைக்கிற அப்பா இருக்க மாட்டார்.

“அப்பா, தயிருக்கு அவ்வளவு சக்தி இல்லப்பா. எத்தனையோ பேருக்குக் கொடுத்துப் பாத்திருக்காங்க. சில பேருக்கு மூணு நாலு கொறஞ்சிருக்கு. சில எடத்துல ஒண்ணுமே கொறையல. மாத்திரையோட எடத்துல அது நிக்காது.”

“இத ஏன் மொதல்லயே சொல்லல?”

அவளிடம் பதில் இருந்தது. பன்னிரண்டு வேண்டுமே என்ற ஆசையில், மூன்று நான்கு என்கிற உண்மையைத் தானே தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. அதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

“சட்டைய மாத்துங்க” என்றாள். “ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

ஆட்டோ வளைவுக்கு வளைவு குலுங்கியது. அப்பாவின் மணிக்கட்டை அவள் பிடித்தே இருந்தாள். தலை சுற்றுகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, கண் மங்குகிறதா என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். “நீ கேக்குற கேள்வியிலதான் எனக்கு மயக்கம் வருது” என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் இளவயது டொக்டர் ஒருவர் அளந்தார். நூற்று எழுபத்தாறு. நெஞ்சைச் சோதித்தார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், ஈசிஜி எடுக்கச் சொன்னார். தாளை விரித்துப் பார்த்துவிட்டு மூச்சு விட்டார்.

“நல்லகாலம், ஒண்ணும் ஆகல. மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லலைங்க. நானாத்தான்” என்றார் அழகன், மகளை முந்திக்கொண்டு.

“தயிர் சாப்பிடுங்க, நல்லதுதான். உப்பைக் குறைங்க, கருவாட்டைக் குறைங்க. ஆனா மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. மூணு மாசம் தப்புனது உங்க அதிர்ஷ்டம்.”

அங்கேயே ஒரு மாத்திரை கொடுத்து விழுங்க வைத்தார்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்லி நிலக்ஷி பார்த்தபோது பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தாள். ஒரு மணி நேரம் வெளியே உட்காருங்கள், மறுபடி அளந்துவிட்டு அனுப்புகிறேன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனாள்.

நடைபாதை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். பதினொன்று ஐம்பது. நிலக்ஷியின் கைப்பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அவள் எடுக்கவில்லை. எழுந்தாள், வாசல்வரை நடந்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். செருப்பு நுனியால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“சும்மா ஒக்காரும்மா. எனக்குத்தானே பிரஷர்?” என்றார் அழகன். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப பட்டம் கெடைக்காதா ஒனக்கு?” என்று கேட்டார்.

“எந்தப் பட்டம்?”

“தயிரு தோத்துருச்சே. கெழமைக்குக் கெழம நீ அந்த நீலக் கொப்பியில எழுதுற. எழுதுறப்பெல்லாம் ஒன் மொகம் செத்துப்போவுது. நான் பாக்காமலா இருக்கேன்? ஐயோ, நம்மளால புள்ள படிப்பு கெட்டுப் போகுதேன்னு ராவெல்லாம் பொரண்டு படுக்குறேன். அதுலயே பாதி ஏறியிருக்கும்.”

நிலக்ஷி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய ஆய்வில் அப்பாவின் இரத்தம் எந்த இடத்திலும் இல்லை. கண்ணாடிக் குழாய்களும், பால் மாதிரிகளும், அந்தக் கத்தியைப் பிடிக்கிற துண்டுகளின் அளவும்தான் இருந்தன. அது முக்கால்வாசி எழுதியும் முடிந்துவிட்டது.

“அந்தக் கொப்பி படிப்புக்கு இல்லப்பா.”

“பின்ன?”

‘அப்பாவுக்குப் பிரஷர்’ என்ற அம்மாவின் குரல் காதுக்குள் கேட்டது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கடிகாரத்தில் முள் நகர்ந்தது.

“பின்ன எதுக்கும்மா எழுதுன?” என்று மறுபடி கேட்டார் அழகன். குரலில் அதட்டல் இல்லை. புல் வாசம் போகாத கையை அவள் கைமேல் வைத்தார். “முப்பது வருசம் கொழுந்து நிறுத்தவன்டா நான். சாக்கத் தூக்குறப்பவே உள்ள என்னமோ கனமா இருக்குன்னு தெரிஞ்சிரும். மூணு மாசமா நீ எதையோ தூக்கிக்கிட்டுத்தான் திரியிற. எறக்கு.”

“இப்ப வேணாம்ப்பா. ஒங்களுக்கு—”

“எனக்கு இப்ப நூத்தி எழுபத்தாறு. மாத்திரையும் உள்ள இருக்கு, டொக்டரும் உள்ள இருக்காரு. இத விட நல்ல எடம் ஒனக்கு எங்க கெடைக்கும்?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் வந்துவிட்டது. துப்பட்டா நுனியால் துடைத்தாள். மறுபடி வந்தது. துடைக்காமல் விட்டுவிட்டாள்.

“நூத்தி நாப்பதுக்குக் கீழ வந்தா ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்பா. அதுக்குத்தான் எழுதுனேன். அதுக்குத்தான் தயிரும்.”

அழகன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “கேளு.”

“கோவப்படக் கூடாது.”

“கேளும்மா.”

நிலக்ஷி மூச்சை இழுத்துவிட்டாள். அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரல்களுக்கடியில் அவருடைய நாடி துடித்தது. அது வேகமாகத் துடிக்கிறதா, மெதுவாகத் துடிக்கிறதா என்று இந்தமுறை அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

“மழயில ஒருநாள் ஒங்க பாலத் திருப்பி அனுப்புனாரே, நிரஞ்சன்... அவரையே எனக்குக் கட்டி வைங்கப்பா.”